எரிமலை வாயு: செய்மதியா, மலை உச்சியில் ஒரு பெட்டியா?

கிளிநொச்சியில் எங்கள் பாடசாலை விஞ்ஞானக் கழகத்துக்கு எரிமலை வாயுவைத் தலைப்பாக எடுத்தபோது, எந்தத் தரவைப் பின்தொடர்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் செய்மதிப் பக்கம் சாய்ந்தேன். வன்னியின் அடியில் இருப்பது ஆறிப்போன பழம்பாறை; எரிமலை பார்க்க அந்தமானின் பாரன் தீவுக்குத்தான் போகவேண்டும். ஆகவே தூரம், செலவு பற்றிய பேச்சை விடுவோம்.

பெரிய விசயம் பராமரிப்பு. மலை உச்சியில் பூட்டும் மல்டிகாஸ் என்ற பெட்டி புகையை உறிஞ்சி, காபனீரொட்சைட்டையும் கந்தகவீரொட்சைட்டையும் அந்த இடத்திலேயே அளக்கும். ஆனால் அது அளக்கும் அமிலப் புகையே அதன் குழாயையும் இணைப்புகளையும் அரித்துவிடும். சாம்பல் சோலார் பனலை மூடும். உணரிகளை அடிக்கடி சரிபார்க்க வேண்டும். (பாடசாலை வளவில் பூட்டிய பனலைக் குரங்கிடமிருந்து காப்பதே எங்களுக்குப் பெரும்பாடு.) சரி, ஆள் ஏறித் திருத்தலாம் என்றால், மலை குமுறத் தொடங்கும் நேரத்தில் யார் ஏறுவது? 1993 ஜனவரியில் கொலம்பியாவின் கலேராஸ் எரிமலை திடீரென வெடித்தபோது அதன் வாய்ப் பள்ளத்தில் ஆய்விலிருந்த ஆறு விஞ்ஞானிகள் இறந்தார்கள். 2017இல் ஏவிய சென்டினல்-5பி செய்மதியோ நாளுக்கொருமுறை, நண்பகல் கழிய, உலகம் முழுவதன் கந்தகவீரொட்சைட்டையும் படம்பிடிக்கிறது. தரவும் இலவசம்.

ஆனால் முன்னறிவிப்பு என்று வந்தால் என் கட்சி கொஞ்சம் தளர்கிறது. மக்மா ஆழத்திலிருந்து மேலேறும்போது முதலில் பிரிவது காபனீரொட்சைட்டு. கந்தகவாயு பெரும்பாலும் மேலே வந்த பிறகுதான். அந்த இரண்டின் விகிதம் ஏறுவதைப் பெட்டி பிடிக்கும். காற்றில் ஏற்கெனவே நிறையக் காபனீரொட்சைட்டு இருப்பதால் செய்மதிக்கு அது கடினம். நிலத்தடி நீரும் கந்தகவாயுவைக் கரைத்துக்கொள்வதால், செய்மதி பார்க்கும் அளவு குறைந்துவிடும்.

1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ எரிமலையில் நிறமாலைமானி (ஒளியை வைத்து வாயுவை அளக்கும் கருவி) முதலில் காட்டியது நாளுக்குச் சுமார் 500 தொன் கந்தகவீரொட்சைட்டு. மே இறுதியில் 5,000ஐத் தாண்டி, ஜூன் தொடக்கத்தில் சில நூறாகச் சரிந்தது. வாயு போகும் வழி அடைபட்டதுதான் காரணம் என்கிறார்கள். ஜூன் 15இல் பெருவெடிப்பு. ஒற்றை எண்ணை நம்பினால் இரண்டு வழியும் ஏமாற்றும்.

நான் பள்ளத்து விளிம்பில் கருவி பூட்டியவன் அல்லன். மலையடியில் ஊர் இருந்தால் பெட்டியும் நிலநடுக்கமானியும் இல்லாமல் சரிவராது. எங்கள் பிள்ளைகளோ இத்தாலியின் எட்னா எரிமலையின் செய்மதித் தரவை வைத்து வரைபு கீறுகிறார்கள். முகில் மறைத்த நாளுக்குப் பூச்சியம் போடாமல் வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறேன்.