ஐலண்ட் பீக் போகிறவர்களே, பெர்மிட் தாளை வாங்கிப் பாருங்கள்

நேபாளத்தில் ஐலண்ட் பீக் ஏற ஏஜென்சி தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். காத்மாண்டு தமேலில் அலுவலகம் வைத்திருக்கும் ஓர் ஏஜென்சியிடம் நாங்கள் நான்கு பேர் மாட்டிக்கொண்டோம். புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால், நாளைக்கே வேறு பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வந்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

இந்த மலையை விற்பது சுலபம். உயரம் 6,100 மீட்டருக்கு மேல். 1953இல் எவரெஸ்ட் பயணத்துக்கு முன் டென்சிங்கும் கூட்டாளிகளும் பழகுவதற்காக ஏறிய சிகரம். பாதி வழி எல்லோருக்கும் தெரிந்த எவரெஸ்ட் பேஸ் கேம்ப் பாதைதான். ஆகவே 'முன் அனுபவம் வேண்டாம், கயிற்றில் ஏற நாங்களே சொல்லித்தருகிறோம்' என்று விளம்பரம் செய்வார்கள். பனிப்பிளவைத் தாண்ட ஏணி, உச்சிக்குக் கீழே ஜூமார் (கயிற்றில் மேலே மட்டும் நகர்ந்து, கீழே வழுக்காமல் பிடித்துக்கொள்ளும் கருவி) மாட்டி ஏற வேண்டிய செங்குத்துச் சுவர், இதெல்லாம் கடைசி நாளில்தான் வரும்.

முன்பணம் கட்டிய கையோடு ஏஜென்சி கேட்ட முதல் காகிதம் இன்சூரன்ஸ் பாலிசி. இரத்த அழுத்தம் உண்டா, இதற்கு முன் உயரத்துக்குப் போயிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி இல்லை. '6,000 மீட்டருக்கு மேல் ஹெலிகாப்டர் மீட்புக்குக் கவர் இருக்கிறதா' என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அப்போது அது பொறுப்பான கேள்வியாகத்தான் தோன்றியது.

பயணத் திட்டத்தில் 'காத்மாண்டு–லுக்லா விமானம்' என்று இருந்தது. நடை தொடங்குவது லுக்லாவில்தான். சீசன் நேரத்தில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் ராமேசாப் மாவட்டத்தின் மந்தலியிலிருந்துதான் கிளம்பும். நள்ளிரவில் எழுப்பி வேனில் ஏற்றிய பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள். போய்ச் சேர்ந்தால் மேகம், விமானம் இல்லை. சரி, மலை என்றால் இது சகஜம். நல்ல ஏஜென்சி இதற்காகத் தனியாக உபரி நாள் வைத்திருக்கும். இவர்கள் நாம்சே பஜாரில் இருந்த ஓய்வு நாளை வெட்டினார்கள். அப்புறம் டிங்போச்சேயில் இருந்ததையும் வெட்டினார்கள்.

மலைக்குப் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை: உடல் உயரத்துக்குப் பழக வேண்டுமானால், 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு இரவு தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது பொதுவான கணக்கு. நாம்சே 3,440, டிங்போச்சே 4,410, அதற்கு மேல் சுக்குங் 4,730. இந்தப் பாதையில் ஓய்வு நாளை எடுத்துவிட்டால் யாராவது ஒருவருக்குத் தலைவலி வந்தே தீரும்.

வந்தது. சுக்குங் லாட்ஜில் எங்களில் ஒருவருக்குத் தலைவலி, சாப்பாடு இறங்கவில்லை. வழிகாட்டி, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை அவர் விரலில் மாட்டி 72 என்று காட்டினார். 'உயிருக்கு ஆபத்து, காலையில் ஹெலிகாப்டர் சொல்லிவிடுகிறேன், இன்சூரன்ஸ்தான் கட்டும், கூட இன்னொருவரும் போய்விடலாம்' என்று ஒரே மூச்சில் முடித்தார். கூட இன்னொருவர் எதற்கு? நண்பரின் கை ஐஸ்கட்டியாக இருந்தது. விரல் சில்லிட்டிருந்தால் அந்தக் கருவி குறைத்துத்தான் காட்டும். அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையை நன்றாகத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினோம். 84. அந்த உயரத்தில் அது சாதாரண எண். வழிகாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்.

இது புது வித்தையும் இல்லை. 2018இல் நேபாள அரசே விசாரணை நடத்திய விவகாரம் இது. தேவையில்லாத மீட்புகள், ஒரே ஹெலிகாப்டரில் பலரை ஏற்றிவிட்டு ஒவ்வொருவரின் இன்சூரன்ஸுக்கும் தனித்தனியாக முழு பில், ஏஜென்சியிலிருந்து மருத்துவமனை வரை பங்கு என்று எல்லாம் அப்போதே வெளியே வந்துவிட்டது. அதே சமயம் ஒன்று: நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ எந்தக் கணக்கும் பார்க்காமல் உடனே கீழே இறங்குங்கள், ஹெலிகாப்டர் கிடைத்தால் ஏறிவிடுங்கள்.

நண்பருக்கு அதெல்லாம் இல்லை. காலையில் ஒரு போர்ட்டர் தம்பியோடு மெதுவாக நடந்து பெரிச்சே இறங்கினார். அங்கே ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் கிளினிக் சீசனில் திறந்திருக்கும். லேசான உயர நோய்தான், இனி ஏறாதீர்கள், ஓய்வெடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் அவருக்குப் பசி திரும்பிவிட்டது.

நாங்கள் மூவர் ஐலண்ட் பீக் பேஸ் கேம்ப் போனோம். வாக்குக் கொடுத்திருந்த கயிற்றுப் பயிற்சி, கிளம்பும் முன் சுக்குங் லாட்ஜ் முற்றத்துக் கம்பத்தில் கயிற்றைக் கட்டி ஆளுக்கு ஐந்து நிமிடம் இழுத்துப் பார்த்ததோடு சரி. தந்த ஜூமாரில் பல் தேய்ந்து கயிறு வழுக்கியது. கூட வந்தவர் மலையேற்ற வழிகாட்டியே இல்லை, வெறும் ட்ரெக்கிங் வழிகாட்டி என்பதும் அப்போதுதான் தெரிந்தது. இரண்டுக்கும் உரிமம் வேறு வேறு. நிஜமான ஷெர்பா அண்ணன் இருட்டிய பிறகுதான் வந்தார். அவர் கையில் வேறு இரண்டு ஏஜென்சியின் ஆட்களும் இருந்தார்கள்.

அவர்தான் கூடாரத்தில் ஹெட்லேம்ப் வெளிச்சத்தில் நேபாள மலையேறுவோர் சங்கத்தின் பெர்மிட் தாளை எடுத்து எங்கள் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டார். தாளில் இரண்டே பெயர். நான்கு பேருக்கும் பெர்மிட் பணம் வாங்கியிருந்தார்கள். நாங்கள் காத்மாண்டு வந்து சேரும் முன்பே, இரண்டு பேர் மேலே போகப்போவதில்லை என்று ஏஜென்சி முடிவு செய்துவிட்டது! வெட்டிய ஓய்வு நாள், 'கூட இன்னொருவர்', எல்லாம் அந்தத் தாளோடு பொருந்தியது.

அண்ணன் சுற்றிவளைக்கவில்லை. 'உங்களுக்கு உயரம் பழகவில்லை, பெயர் இருந்தாலும் நான் கூட்டிப்போக மாட்டேன்' என்றார். கோபம் வந்தது, அவர்மேல் அல்ல. மூவரும் காலையில் இறங்கினோம்.

ஆகவே முன்பணத்துக்கு முன் சில விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கயிற்றில் வரப்போகும் ஷெர்பாவின் பெயரும் உரிம நகலும், ஒரு ஷெர்பாவுக்கு எத்தனை ஏறுபவர்கள் என்பதும். விமானம் தாமதமானால் எந்த நாளை வெட்டுவார்கள் என்பது. காத்மாண்டுவை விட்டுக் கிளம்பும் முன் பெர்மிட் தாளில் உங்கள் பெயரை உங்கள் கண்ணால் பார்ப்பது. ஹெலிகாப்டரைப் பொறுத்தவரை, இன்சூரன்ஸ் கம்பெனியின் அவசர எண்ணை நீங்களே கூப்பிடுங்கள், வழிகாட்டி வழியாக வேண்டாம்.

ஏஜென்சிக்கு எழுதினேன். 'சிகரம் ஏறுவதற்கு உத்தரவாதம் கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே' என்று பதில் வந்தது. சிகரத்துக்கு நான் பணம் திருப்பிக் கேட்கவே இல்லை, எடுக்காத இரண்டு பெர்மிட்டுக்கு வாங்கியதைத்தான் கேட்டேன். அதற்கு இதுவரை பதில் இல்லை.