5 ஜிபி இடமும் 10 ஜிபி பரிமாற்றமும்: ஒரு ஹோஸ்டிங் திட்டத்துடன் இரண்டு ஆண்டுகள்

கோயில் சிற்பங்களின் ஒளிப்படங்களுக்காக நான் நடத்திவரும் சிறிய இணையத்தளம், ஆண்டுக்கு 1,800 ரூபாய்க்கு 5 ஜிபி சேமிப்பிடமும் மாதத்துக்கு 10 ஜிபி தரவுப் பரிமாற்றமும் தரும் ஒரு பகிர்வு ஹோஸ்டிங் திட்டத்தில் (பல தளங்கள் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் வாடகை ஏற்பாடு) இரண்டு ஆண்டுகளாக இயங்குகிறது. வாங்கும்போது படங்களுக்கு இடம் போதுமா என்பது மட்டுமே என் கவலையாக இருந்தது. பரிமாற்ற அளவை நான் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

கோப்புகள் வழங்கியில், அதாவது தளத்தை வாசகர்களுக்கு அனுப்பும் கணினியில், அடைத்துக்கொள்ளும் இடம் சேமிப்பிடம். வாசகர் பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அங்கிருந்து வெளியேறும் தரவின் கூட்டுத்தொகையே பரிமாற்றம். என் பக்கமொன்றில் அரை எம்பி அளவில் 12 படங்கள் இருந்தன. ஆக, பக்கத்தின் எடை 6 எம்பி. 10 ஜிபியை அதனால் வகுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 1,700 பார்வைகள், அதாவது நாளொன்றுக்கு 57கூடத் தேறாது. மூன்றாம் மாதத்தில் ஒரு பக்கத்தின் சுட்டி வாட்ஸப் குழுக்களில் சுற்றத் தொடங்க, மாதம் முடிய 11 நாட்கள் இருக்கும்போதே தளம் மறைந்து, 509 என்ற எண்ணுடன் வரம்பு தீர்ந்துவிட்டதாக ஓர் அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. முன்கூட்டி ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை என்பதே இந்நிறுவனத்தின் மீது எனக்குள்ள பெரிய குறை.

ஆனால் உதவிப் பிரிவினர் ஒரு மணி நேரத்துக்குள் அளித்த பதில் உருப்படியானது. தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் எடுத்துச்செல்வதும், பிற தளங்கள் என் படங்களை நேரடியாக இணைத்துக் காட்டுவதும் என் கணக்கிலேயே ஏறுகின்றன என்று விளக்கி, பின்னதைத் தடுக்கும் வழியையும் காட்டினார்கள். படங்களை எடை குறைந்த வெப்பி (WebP) என்னும் கோப்பு வடிவத்துக்கு மாற்றிப் பக்கத்தை 1 எம்பிக்குள் கொண்டுவந்த பிறகு அந்த 509ஐ நான் மறுபடி பார்க்கவில்லை.

சேமிப்பிடத்தில் நேர்ந்த சிக்கல் வேறு வகையானது. 5 ஜிபியில் பாதியைக்கூட நான் தொடாத நிலையில், புதிய படத்தை ஏற்ற மறுத்தது வழங்கி. கணக்கை நிர்வகிக்கும் சி-பேனல் பக்கத்தில் பார்த்தால், இடம் இருக்கிறது, கோப்புகளின் எண்ணிக்கைதான் வரம்பைத் தொட்டிருக்கிறது! பெரிய ஒளிப்படம் ஒன்றை ஏற்றினால் என் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் அதை வெவ்வேறு அளவுகளில் நகலெடுத்து, மூலத்தோடு சேர்த்து 8 கோப்புகளாக்கிவிடுகிறது. 900 படங்கள் 7,200 கோப்புகளாகும். தளத்தின் தோற்றத்தைத் தரும் வார்ப்புருவும், கூடுதல் வசதிகளைச் சேர்க்கும் செருகுநிரல்களும் கொண்டுவரும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள், பெட்டியில் தேங்கிய மின்னஞ்சல்கள் எல்லாம் அதற்கு மேல். விளம்பரப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் மின்னும் ஜிபி கணக்குக்குப் பக்கத்தில் இந்த வரம்பு இல்லை. விதிமுறைகளுக்குள் எங்கோ புதைந்து கிடந்தது. ‘வரம்பற்ற இடம்’ என்று விற்கப்படும் திட்டங்களிலும் பெரும்பாலும் இதே பூட்டுதான் தொங்குகிறது.

எழுத்து மட்டுமே உள்ள தளங்களுக்கு இத்திட்டம் தாராளம். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் செலவாகும் என்றாலும், ஆயிரம் சொற்கள் கொண்ட கட்டுரை ஏறத்தாழ 30 கிலோபைட்டில் அடங்கிவிடும். என் பழைய படமொன்றின் இடத்தில் அப்படிப் பதினாறு கட்டுரைகளை வைக்கலாம். மூன்றாம் ஆண்டுக்கும் இதையே புதுப்பித்திருக்கிறேன், ஆனால் காப்புநகல்களை அதே கணக்கில் வைக்காமல் வீட்டு வன்தட்டுக்கு மாற்றிய பிறகு.