ஸ்டேடியம் கட்டினால் அணி ஊரில் நிற்குமா?

அமெரிக்காவில் ஒரு ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, அமெரிக்கர்களின் தனி ஆட்டம்) அணியின் உரிமையாளர் ஊரை விட்டுப் போகப் போவதாகச் சொல்ல ஆரம்பித்தால், கூடவே ஒரு கோரிக்கையும் வரும்: புது ஸ்டேடியம். அப்போது ஊருக்கு மூன்று வழிகள் உண்டு. வரிப்பணத்தில் கட்டிக் கொடுக்கலாம். முடியாது என்று சொல்லிவிடலாம். இல்லையென்றால், போக முடியாதபடி ஒப்பந்தத்தாலும் சட்டத்தாலும் பூட்டுப் போடலாம். மூன்றையும் செய்து பார்த்த ஊர்கள் இருக்கின்றன. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பிடிபட்டது இதுதான்: அணியைப் பிடித்து வைப்பது கட்டடம் அல்ல, குத்தகைப் பத்திரம்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஃபுட்பாலின் உச்ச லீக்கான என்.எஃப்.எல்.லில் 32 அணிகள் மட்டுமே. இங்கிலாந்தில் போல சின்ன ஊர் அணி கீழ் டிவிஷனிலிருந்து ஜெயித்து மேலே வர வழி கிடையாது. இருக்கிற அணியை இழந்த ஊர், லீக் மனது வைத்தால்தான் இன்னொன்றைப் பெற முடியும். போதாக்குறைக்கு, 1995 முதல் 2016 வரை லாஸ் ஏஞ்சலஸில் அணியே இல்லை. அவ்வளவு பெரிய மாநகரம் காலியாகக் கிடந்ததே மற்ற ஊர்களை மிரட்டப் போதுமானதாக இருந்தது.

கட்டிக் கொடுத்தும் தோற்ற ஊர் செயின்ட் லூயிஸ். 1988இல் கார்டினல்ஸ் அணி அரிசோனாவுக்குப் போனதும், இன்னோர் அணியைப் பிடிக்க மாநிலமும் மாநகரமும் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) சேர்ந்து கடன் வாங்கி, கூரை போட்ட ஓர் அரங்கத்தைக் கட்டின. 1995இல் ராம்ஸ் வந்தது. ஆனால் அவசரத்தில் எழுதிக் கொடுத்த குத்தகையில் ஒரு நிபந்தனை இருந்தது: 2005லும் 2015லும் அந்த அரங்கம் லீக்கின் தலைசிறந்த கால் பங்கு அரங்கங்களுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அணி வெளியேறலாம். மற்ற ஊர்கள் புதிது புதிதாகக் கட்டிக்கொண்டே போகும்போது, பழையதாகிவரும் ஓர் அரங்கம் எப்படி முதல் வரிசையில் நிற்கும்? 2013இல் இந்தத் தகராறை விசாரித்த மத்தியஸ்தர்கள் அணியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள். அதன்படி செப்பனிட சுமார் 70 கோடி டாலர் ஆகும் என்று கணக்கு வந்தது. ஊர் மறுத்தது.

அதற்குப் பிறகும் செயின்ட் லூயிஸ் சும்மா இருக்கவில்லை. ஆற்றங்கரையில் நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள புது ஸ்டேடியத்துக்குத் திட்டம் போட்டது, அதில் பொதுப்பணமும் உண்டு. 2016 ஜனவரியில் லீக்கின் உரிமையாளர்கள் 30க்கு 2 என்று வாக்களித்து ராம்ஸை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினார்கள். அணியின் முதலாளி ஸ்டான் குரோன்கே அங்கே ஏற்கெனவே நிலம் வாங்கிவிட்டார். அவருக்கு அந்த ஊரில் கிடைக்கும் மதிப்பை எந்த ஆற்றங்கரைத் திட்டத்தாலும் ஈடுகட்டியிருக்க முடியாது. அணி போன பிறகும் பழைய அரங்கத்தின் கடன் தவணை தொடர்ந்தது. அப்புறம் ஊர் வழக்குப் போட, 2021இல் லீக் தரப்பு 79 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது.

அதே வழியில் ஜெயித்தது மினியாபொலிஸ். 2010 டிசம்பரில் பனியின் பாரம் தாங்காமல் அந்த ஊரின் மெட்ரோடோம் அரங்கக் கூரை கிழிந்து விழுந்தது. வைக்கிங்ஸ் அணியின் குத்தகையும் முடியும் தறுவாயில் இருந்தது. 2012இல் மாநிலம் சட்டம் இயற்றியது. மாநிலமும் மாநகரமுமாகச் சுமார் 50 கோடி டாலர் போட்டன, மீதி அணியின் பொறுப்பு. 2016இல் அரங்கம் திறந்தது. 30 வருட ஒப்பந்தம், அணி இன்றும் அங்கேதான். பணத்துக்காக நம்பியிருந்த சூதாட்ட வரி முதலில் படுத்துவிட்டது, பின்னால் தேறியது. 2023இல் கடனை முன்கூட்டியே அடைத்தும்விட்டார்கள். ஸ்டேடியம் வேலை செய்தது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. ஆனால் செயின்ட் லூயிஸிடம் இல்லாதது இவர்களிடம் இருந்தது: இடையில் நழுவிப் போக ஓட்டையில்லாத பத்திரம்.

முடியாது என்று சொன்னது சான் டியேகோ. 2016 நவம்பரில் ஹோட்டல் வரியை உயர்த்தி ஸ்டேடியம் கட்டலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கு தேவை, பாதிகூடத் தேறவில்லை. இரண்டே மாதத்தில் ஊரின் அணியான சார்ஜர்ஸ் கிளம்பிவிட்டது. 56 வருட உறவு. அந்த ரசிகர்களின் வலியை நான் சின்னதாக்க மாட்டேன். ஆனாலும் அந்த ஊரின் தலையில் புதுக் கடன் ஏறவில்லை. அந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழகம் கட்டிய அரங்கம் இருக்கிறது.

என் மனம் அதிகம் போவது ஒஹாயோ மாநிலத்துக்கு. 1995 நவம்பர் 6ஆம் தேதி, கிளீவ்லாந்து பிரவுன்ஸ் உரிமையாளர் ஆர்ட் மோடெல் அணியை பால்டிமோருக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார். மறுநாள்தான் அரங்கத்தைப் புதுப்பிக்க வரி வசூலிப்பதா என்ற வாக்கெடுப்பு. அந்த நிலையிலும் மக்கள் பெரும்பான்மையாக 'சரி' என்று வாக்களித்தார்கள். பணம் தர ஊரே தயாராக இருந்தும் அணி போனது. ஊர் போராடியதால் பெயரும் நிறமும் வரலாறும் மட்டும் கிளீவ்லாந்திலேயே தங்கின. 1999இல் அதே பெயரில் புது அணி வந்தது.

அந்தக் காயத்திலிருந்து 1996இல் ஒஹாயோவில் ஒரு சட்டம் பிறந்தது. வரிப்பண உதவி பெற்ற அரங்கில் ஆடும் அணி வெளியேற நினைத்தால் ஊரின் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் ஆறு மாதம் முன்னதாகச் சொல்லி, உள்ளூர்க்காரர்கள் அணியை வாங்க வாய்ப்புத் தர வேண்டும். இருபது வருடம் தூங்கிய இந்தச் சட்டம் 2018இல் எழுந்தது. அதே மாநிலத்தின் கொலம்பஸ் ஊர் அணியான க்ரூ (இது நாம் கால்பந்து என்று சொல்லும் ஆட்டம்) டெக்சஸின் ஆஸ்டினுக்குப் போக இருந்தது. ரசிகர்கள் தெருவில் இறங்கினார்கள். மாநகரமும், மாநில அட்டர்னி ஜெனரலாக (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) இருந்த மைக் டிவைனும் வழக்குப் போட்டார்கள். கடைசியில் உள்ளூர்த் தொடர்புள்ள குடும்பங்கள் அணியை வாங்கின. புது ஸ்டேடியம் 2021இல் திறந்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பூட்டு, பிறகு உரிமையாளர் மாற்றம், அதன் பிறகே ஸ்டேடியம்.

சட்டத்துக்கும் ஆயுள் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பிரவுன்ஸ் இப்போது கிளீவ்லாந்து எல்லையைத் தாண்டி புரூக் பார்க் என்ற புறநகருக்குப் போகத் திட்டமிட, 2025இல் மாநில பட்ஜெட் அதற்கு 60 கோடி டாலர் ஒதுக்கியது. கூடவே, மாநிலத்தை விட்டே போகும் அணிக்குத்தான் இந்தச் சட்டம் பொருந்தும் என்று திருத்தமும் வந்தது. அதில் கையெழுத்திட்டவர், அப்போது ஆளுநராக இருந்த அதே மைக் டிவைன்.

அதனால்தான் நான் சட்டத்தை மட்டும் நம்பாமல் பத்திரத்தையும் கேட்கிறேன். பஃபலோவின் புது ஸ்டேடியத்துக்கு நியூயார்க் மாநிலமும் ஈரி கவுண்டியும் 85 கோடி டாலர் பொதுப்பணம் கொடுக்க ஒப்புக்கொண்டன, பெரிய தொகைதான். ஆனால் 30 வருடம் இடம்பெயர மாட்டோம் என்று அந்த ஊரின் பில்ஸ் அணியிடம் தனியாக எழுதி வாங்கியிருக்கின்றன. செயின்ட் லூயிஸ் 1995இல் அந்த 'தலைசிறந்த கால் பங்கு' நிபந்தனையை ஏற்காமல் இப்படி எழுதி வாங்கியிருந்தால், 2016இல் உரிமையாளர்கள் வாக்களிக்கும்போது ராம்ஸுக்கு இன்னும் பல வருடக் குத்தகை பாக்கி இருந்திருக்கும்.