வாலைத் தூக்கும் சிலிண்டர்

"11 லிட்டர் போதுமா, 12 வாங்கட்டுமா?" என்று நண்பன் கேட்டான். ஸ்கூபா டைவிங்குக்கான காற்றுச் சிலிண்டரைப் பற்றிய கேள்வி. சைட்மவுண்டில், அதாவது சிலிண்டர்களை முதுகில் இல்லாமல் உடம்பின் இரண்டு பக்கமும் மாட்டும் முறையில், டெக்னிகல் பயிற்சியை (இடையில் நின்று நின்றுதான் மேலே வர வேண்டிய டைவ்களுக்கானது) இப்போதுதான் முடித்திருக்கிறான். பாவம், கேட்ட நேரம் சரியில்லை. என் 12 லிட்டர் எஃகு ஜோடியில் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்திருந்தேன். உள்ளே துரு என்று அன்று காலைதான் தகவல் வந்திருந்தது. அந்தக் கோபத்தோடு ஒரு பதில் எழுதினேன், அனுப்பவில்லை. இது கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுவது.

அலுமினியம் 80 ஜோடியை மூன்று வருடம் பயன்படுத்தினேன். அதன் பிறகு நான்கு வருடமாக எஃகு, 12 லிட்டர், 232 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு). (80 என்பது கன அடிக் கணக்கு, லிட்டரில் சொன்னால் அதுதான் 11.1 லிட்டர் சிலிண்டர். உண்மையில் உள்ளே போவது 77 சொச்சம்தான். பெயர் வைத்தவர் தாராள மனசுக்காரர்.)

முதலில் லிட்டர் கணக்கை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். நீர்மட்டத்தில் எனக்கு நிமிடத்துக்குச் சுமார் 18 லிட்டர் காற்று செலவாகும். 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு என்பதால் அது 72 லிட்டர். அலுமினிய ஜோடியை 200 பாருக்கு நிரப்பினால் 4,440 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு விதிப்படி (போக ஒன்று, திரும்ப ஒன்று, அவசரத்துக்கு ஒன்று) போகும்போது செலவழிக்கக் கிடைப்பது 1,480, அதாவது 20 நிமிடம். எஃகை 232 வரை நிரப்பினால் 25 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். ஐந்து நிமிடம் லாபம் என்று குதித்துத்தான் வாங்கினேன். ஆனால் நான் வழக்கமாக நிரப்பும் இடத்தில் 200-ஐத் தாண்ட மாட்டார்கள். சிலிண்டர் தோளில் 232 என்று முத்திரை இருக்கிறது, காட்டியும் பார்த்துவிட்டேன். 200 பாரில் அந்த ஐந்து நிமிடம் இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. ஆக, 11-க்கும் 12-க்கும் நடுவே லிட்டரை வைத்துச் சண்டை போடுவது வீண்.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. அலுமினியச் சிலிண்டரின் வால்.

நிரம்பிய அலுமினியம் 80 கடல்நீரில் முக்கால் கிலோ அளவுக்கு மூழ்கும். முழுக்கக் காலியானால் கிட்டத்தட்ட இரண்டு கிலோ மிதக்கும். நடுவில் போனது வேறொன்றுமில்லை, நீங்கள் சுவாசித்துத் தீர்த்த காற்றின் எடைதான். 150 பார் வாக்கில் எடை சமன் ஆகி, 100-க்குக் கீழே வந்ததும் அடிப்பக்கம் மேலே கிளம்பும். வால்வும் ரெகுலேட்டரும் (அதன் வழியாகத்தான் சுவாசிக்கிறோம்) கனமாக இருப்பதால் தலை அடங்கிக் கிடக்கும், வால் மட்டும் தூக்கும். அப்போது இடுப்புக்குப் பின்னால் பட் பிளேட் என்ற தகட்டில் மாட்டியிருக்கும் கீழ்க் கொக்கியைக் கழற்றி, இடுப்புப் பட்டையின் முன்பக்க டி-ரிங் வளையத்துக்கு மாற்ற வேண்டும். பயிற்சியில் இதைச் சொல்லித் தருவார்கள், பத்து விநாடி வேலை என்பார்கள். இரண்டு பக்கமும் செய்ய வேண்டும் என்பதையும், இடப்பக்கம் டெகோ சிலிண்டர் (மேலே வரும் வழியில் நிற்கும்போது சுவாசிக்கும் வாயு அதில்) ஒன்று தொங்கும்போது அந்தக் கொக்கி எங்கே ஒளிந்துகொள்ளும் என்பதையும் சொல்ல மாட்டார்கள்.

இதில் எனக்கு ஆற மாட்டாத கடுப்பு ஒன்று உண்டு. டைவின் கடைசியில், 6 மீட்டரில் ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டிய நேரம் பாருங்கள், அப்போதுதான் சிலிண்டர்கள் மிக லேசாக இருக்கும். உடம்பு மட்டமாக, ஆழம் மாறாமல் இருபது நிமிடம் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் தேள் கொடுக்கு மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கும். அடிப்பட்டையில் ஒரு கிலோ ஈயம் கட்டிப் பார்த்தேன். வால் அடங்கியது. ஆனால் அந்த ஈயத்தை டைவ் முழுக்கச் சுமப்பது நான்தானே.

எஃகுக்கு மாறிய முதல் நாள் இது எதுவும் இல்லை. காலியானாலும் அது மூழ்கும் பக்கமே நிற்கும். கொக்கியை ஒருமுறை மாட்டினால் வெளியே வரும்வரை தொட வேண்டியதில்லை. ஈயத்தில் நாலு கிலோ குறைந்தது. 6 மீட்டரில் முதன்முறையாகக் கையைக் கட்டிக்கொண்டு மீனை வேடிக்கை பார்த்தேன். அந்த இருபது நிமிடத்துக்காக எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றியது, கொடுத்தும் விட்டேன்.

கரையில் அலுமினியம் லேசு என்பார்கள். தூக்கிப் பார்க்காதவர்கள் சொல்வது. காலி அலுமினியம் 80 ஏறத்தாழ 14 கிலோ, என் எஃகும் அதே சுற்றுதான். சைட்மவுண்டில் ஒவ்வொன்றாகத் தண்ணீர் வரை கொண்டுபோய் அங்கே மாட்டலாம் என்பதால் எனக்கு இரண்டுமே பிரச்சினையாக இருந்ததில்லை.

அப்படியானால் எஃகுதானே? சரி, இப்போது மறுபக்கம்.

என் நண்பன் 5 மில்லிமீட்டர் வெட்சூட்டில் இறங்குகிறவன். 30 மீட்டரில் அந்த சூட் நசுங்கி மிதப்பை இழக்கும். நிரம்பிய இரண்டு எஃகு, போதாததற்கு டெகோ சிலிண்டர், கழற்றிப் போட ஈயமும் இல்லை. அந்த நிலையில் விங், அதாவது மிதப்புக்காகக் காற்று ஏற்றும் பை, கிழிந்தால் காலால் உதைத்தே மேலே வருவது பெரும்பாடு. நானே ஒருமுறை விங்கைக் காலி செய்து முயன்று பார்த்தேன், ஆழமில்லாத இடத்தில். அரை நிமிடத்தில் மூச்சு வாங்கியது. டிரைசூட் (தண்ணீர் உள்ளே புகாத உடை) இருந்தால் அதிலும் காற்றை ஏற்றலாம். அவனிடம் அது இல்லை. மெக்ஸிகோவின் நீர்க்குகைகளில் அலுமினியம் 80-ஐ மாட்டிக்கொண்டு அவ்வளவு பேர் நீந்துவது விவரம் தெரியாமல் இல்லை. வட ஃப்ளோரிடாவில் அதைவிடப் பெரிய எஃகுச் சிலிண்டர்களோடு இறங்குகிறார்கள் என்றால் அங்கே ஆழமும் நேரமும் வேறு.

இன்னொன்று, துரு. யாரோ எங்கோ ஈரக் காற்றை ஏற்றிவிட்டார்கள். எங்கே என்று நிரூபிக்க முடியாது. உள்ளே உராய்பொருள் போட்டு உருட்டிச் சுத்தம் செய்து, மறுபடி சோதித்துத் தருவார்களாம். என் பழைய அலுமினியம் மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட இப்படிப் படுத்தியதில்லை. அது வாலை மட்டும்தான் தூக்கியது.

15 லிட்டர் எஃகு வாங்கலாமா என்றும் கேட்டிருந்தான். வேண்டாம். சைட்மவுண்டில் ஒரு ரெகுலேட்டர் நிற்காமல் காற்றைக் கொட்ட ஆரம்பித்தால்கூட வால்வு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. மூச்சுக்கு மூச்சு திறந்து மூடி அந்தக் காற்றையும் பயன்படுத்தலாம். பயத்துக்காக லிட்டரை ஏற்ற வேண்டியதில்லை.

அலுமினியம் 80 வாங்கு, கொக்கி மாற்றிப் பழகு என்று பதில் அனுப்பிவிட்டேன். என் பழைய ஜோடியை இரவல் கேட்டான், கொடுக்கிறேன். எஃகு வெள்ளிக்கிழமை திரும்பி வருகிறது. அதன் பட்டைகளைக் கழுவி இப்போதே காய வைத்தாயிற்று.