சலான் கட்டிய அனுபவம்

சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்து திருச்சியில் இறங்கிய மறுநாளே தம்பி ஒரு இ-சலானை நீட்டினான். ஹெல்மெட் போடாததற்கு 1,000 ரூபாய் அபராதம். 2022 அக்டோபருக்கு முன்னால் இதற்கு 100 ரூபாய்தான். "நீ ஓட்டினதுக்கு நான் கட்டணுமா?" என்றேன். "வண்டி உன் பேர்லதானே இருக்கு, அண்ணே" என்றான். சரி, நியாயம்தான்.

அது சுலபமாகவே முடிந்தது. முன்பெல்லாம் இந்திய சிம் இல்லாமல் யூபிஐ கிடையாது. 2023 தொடக்கத்தில் சிங்கப்பூர் உட்படப் பத்து நாட்டு எண்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) சிங்கப்பூர் எண்ணைப் பதிந்து வைத்திருந்ததால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கட்டிவிட்டேன். ரசீதும் உடனே வந்தது.

நிலம் சம்பந்தமான ஒரு கட்டணத்தில்தான் சிக்கல். கணக்கில் பணம் போய்விட்டது, ஆனால் அரசுத் தளத்தில் 'நிலுவை' என்றே நின்றது. "இன்னொரு தடவை கட்டிடு" என்றான் தம்பி. எனக்கு மனசு வரவில்லை. வங்கிக்குப் போனேன். முதல் கவுண்டரில், "ஆன்லைன்ல கட்டினதுக்கு நாங்க என்ன சார் பண்ண முடியும்?" என்று கையை விரித்தார்கள்.

உள்ளே இருந்த இளம் அதிகாரிதான் உட்காரவைத்து விளக்கினார். வங்கி தரும் யூடிஆர் எண், அதாவது பரிவர்த்தனை எண், நம் கணக்கிலிருந்து பணம் கிளம்பியதற்குத்தான் சாட்சி. அரசுக் கணக்கில் அது சேர்ந்ததற்கு, பணம் கட்டிய ரசீதான சலானில் அடையாள எண் விழ வேண்டும். உதாரணமாக, வருமான வரிச் சலானில் வங்கிக் கிளையின் 7 இலக்க பிஎஸ்ஆர் குறியீடு, கட்டிய தேதி, 5 இலக்க வரிசை எண் மூன்றும் இருக்கும்.

பணம் பிடித்து, கட்டியது உறுதியாகாமல் போனால் 5 நாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும் என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. யூபிஐ, கார்டு இரண்டுக்கும் பொருந்தும். நாட்காட்டி நாள்தான் கணக்கு, ஞாயிறு, பண்டிகை என்று சாக்குச் சொல்ல முடியாது. தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதையும் நாம் கேட்காமலே வரவு வைக்க வேண்டும். கிளைச் சுவரில் மதிய உணவு நேரம் கொட்டை எழுத்தில் இருந்தது. இந்த விதியை எங்கும் காணோம்.

கெடு முடிவதற்குள் பணம் வந்துவிட்டது. அப்புறம்தான் திரும்பக் கட்டினேன், இந்த முறை எண்ணும் விழுந்தது. குறைந்த விடுப்பில் வருகிறவர்களுக்கு ஐந்து நாள் என்பது பெரிய நேரம். அதனால் கட்டணம் கட்டும் வேலைகளை வந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். பணம் வராவிட்டால் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்திலேயே எழுதலாம், கட்டணம் கிடையாது. வெளிநாடு திரும்பிய பிறகும் அங்கிருந்தே செய்யலாம்.