ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் விமானக் காப்பிடம்: சிறிய விமான நிலையத்தில் ஒரு பெரிய சேவை

பறக்காத விமானத்தைப் பாதுகாத்துத் தரும் சேவையை மதிப்பிடும்போது எத்தனை விமானங்கள் அங்கே நிற்கின்றன என்ற கணக்கே முதலில் கண்ணில் படும். ஆனால் அப்படி நிற்கும் ஒரு விமானத்தை, உரிமையாளர் கேட்கும்போது, மற்றவற்றை அதிகம் நகர்த்தாமல் ஓடுபாதைக்குக் கொண்டுவர முடிகிறதா என்பதைத்தான் நான் முதன்மையான அளவுகோலாகக் கொள்வேன். ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் விமான நிலையத்தில் ஏசியா பசிபிக் ஏர்கிராஃப்ட் ஸ்டோரேஜ் நிறுவனம் 2014 முதல் நடத்திவரும் காப்பிடத்தையும் அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

ஏறத்தாழ 25,000 பேர் வாழும் ஊருக்குத் தெற்கே அமைந்துள்ள இந்த நிலையத்தின் முதன்மை ஓடுபாதை 2,438 மீட்டர் நீளம் கொண்டது. வழக்கமான பயணிகள் போக்குவரத்து மிகக் குறைவு. ஆனால் பயணிகளும் சரக்கும் இல்லாமல், தேவையான எரிபொருளை மட்டும் சுமந்து வரும், உலகின் மிகப் பெரிய பயணிகள் விமானமான ஏ380 ஒன்று இறங்க இந்த நீளம் போதும். சுற்றிலும் செம்மண் நிலம் பரந்து கிடக்கிறது. வீடுகளும் ஆலைகளும் நெருக்காத இந்த வெட்டவெளியே சிறிய நிலையத்தின் முதல் சொத்து என்பதைத் திட்டமிட்டவர்கள் நன்றாகவே உணர்ந்திருக்கிறார்கள்.

இரண்டாவது சொத்து வறட்சி. ஆண்டுக்குச் சுமார் 280 மில்லிமீட்டர் மழையே பெய்யும் இந்த ஊரை, 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறுவதும் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டைத் தாண்டுவதுமான சிங்கப்பூரோடு ஒப்பிட்டால், விமானங்களை ஏன் இவ்வளவு தொலைவு கொண்டுவருகிறார்கள் என்பது விளங்கும். உலோகம் அரிப்பதும், மின்னணுக் கருவிகளில் ஈரம் புகுவதும், இருக்கைத் துணிகளில் பூஞ்சணம் பிடிப்பதும் வெப்பமண்டலக் கடலோரத்தில் ஓயாத தொல்லைகள். அப்போது பறக்கத் தடை விதிக்கப்பட்டிருந்த போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் ஆறையும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் துணை நிறுவனமான சில்க்ஏர் 2019 செப்டம்பர் இறுதி முதல் இங்கே அனுப்பத் தொடங்கியது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்று வானத்தை வெறிச்சோட வைத்தபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நான்கு ஏ380 விமானங்கள் வந்து சேர்ந்தன. அமெரிக்காவில் இத்தகைய காப்பிடங்கள் உள்ள கலிபோர்னியாவின் விக்டர்வில்லும் அரிசோனாவின் மரானாவும் இதே வறட்சியைத் தரக்கூடியவைதான். ஆனால் ஆசிய நிறுவனம் ஒன்று அங்கே போக வேண்டுமானால் பசிபிக் பெருங்கடலைத் தாண்ட வேண்டும். அந்தச் செலவையும், பழுதுபார்ப்போரோடு பேசுவதற்கு நேர வேறுபாடு தரும் தொந்தரவையும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் கணிசமாகக் குறைக்கிறது.

திட்டமிடுதலின் உண்மையான சோதனை இடப்பங்கீட்டில்தான் இருக்கிறது. ஏ380 ஒன்றின் இறக்கை அகலம் 79.8 மீட்டர், நீளம் 72.7 மீட்டர். 737 மேக்ஸ் 8 விமானத்துக்கோ 35.9 மீட்டரும் 39.5 மீட்டரும்தான். சேவையில் உள்ள விமானங்களை நிறுத்தும்போது, பெரியவற்றுக்கு 7.5 மீட்டரும் 737 வகைக்கு 4.5 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்பது பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பின் பரிந்துரை. அதையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு ஏ380 நிற்கும் இடத்தில் ஏறக்குறைய நான்கு 737 விமானங்கள் நிற்கலாம். நெருக்கி அடுக்கினால் இன்னும் சில கூடுதலாகக் கொள்ளும். ஆனால் பின்வரிசையில் இருப்பதை எடுக்க முன்வரிசையில் உள்ள அனைத்தையும் இழுவை வண்டி கொண்டு நகர்த்த வேண்டிவரும். ஒவ்வொரு நகர்த்தலிலும் இறக்கை நுனி எங்காவது உரசும் ஆபத்து உண்டு. கல்யாண மண்டப வாசலில் குறுக்கே நிறுத்திய கார்களை எடுக்கச் சொல்லி ஒலிபெருக்கியில் எண்களை வாசிக்கும் காட்சியை இங்கே நினைத்துக்கொள்ளலாம். வான்வழிப் படங்களில் இந்தக் காப்பிடத்தின் விமானங்கள் செம்மண் நடுவே ஒழுங்கான வரிசைகளில், ஓடுபாதைக்குச் செல்லும் இணைப்புப் பாதையைத் தொட்டபடி நிற்பதைக் காணும்போது, நிலத்தைக் கஞ்சத்தனமின்றிச் செலவிட்டிருப்பது தெரிகிறது. என் மதிப்பீட்டில் இந்தச் சேவையின் சிறந்த அம்சம் இதுவே.

தரையைப் பற்றியும் ஒரு சொல். நிற்கும் விமானம் ஏறத்தாழ வெறும் எடையோடு இருப்பதால், நிறுத்துமிடத்தின் தளத்தை, முழு எடையோடு புறப்படும் விமானங்கள் ஓடும் பாதையின் வலிமைக்கு அமைக்க வேண்டியதில்லை. தேவை வளர வளரத் தளங்களை விரிவாக்கும் வாய்ப்பு சிறிய நிலையத்துக்கு இப்படித்தான் கிடைக்கிறது.

பராமரிப்பு வேலை வெளியாருக்குத் தெரியாமலே நடப்பது. இயந்திர வாய்களை மூடி, உள்ளே ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை வைப்பார்கள். வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களுக்கு உறை போடுவார்கள். ஒரே இடத்தில் எடை தாங்கி டயர் தட்டையாகாமல் இருக்க, குறித்த இடைவெளியில் சக்கரங்களைச் சுழற்றுவார்கள். உறையின் அருமை தெரிய வேண்டுமென்றால், 2013இல் பிரிஸ்பேனில் நின்ற ஒரு பயணிகள் விமானத்தின் பிட்டோ குழாயில் குளவி மண்கூடு கட்டி, வேகம் காட்டாமல் போய், அது புறப்பட்ட நிலையத்துக்கே திரும்ப நேர்ந்ததை நினைத்தால் போதும். அந்த விமானம் தரையில் நின்றது சில மணி நேரமே.

குறைகளும் இல்லாமல் இல்லை. செம்புழுதி எந்த இடுக்கிலும் புகும், ஆகவே உறைகளைச் சோதிக்கும் வேலை இங்கே இரட்டிப்பாகிறது. கோடைப் பகல் 40 பாகையைத் தாண்டும்போது திறந்தவெளியில் உழைப்பது கடினம். எடுத்த காரியத்துக்கு உதிரிப்பாகம் ஒன்று தேவைப்பட்டால், அது அடிலெய்டிலிருந்தோ டார்வினிலிருந்தோ ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கடந்து வர வேண்டும். எனவே சில வாரங்களுக்கு மட்டும் விமானத்தை நிறுத்த நினைக்கும் நிறுவனத்துக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொண்டுவரும் செலவே மிச்சத்தை விழுங்கிவிடும். பல மாதங்கள் நிறுத்துவோருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், நாள் வாடகையோடு சேர்த்து, விமானம் எந்த வரிசையில் நிற்கும், அதை வெளியே எடுக்க எத்தனை நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.