ஒரே புராசஸ் பல தடவை ஓடும்போது: டாஸ்க் மேனேஜரா, புராசஸ் எக்ஸ்ப்ளோரரா, ஆட்டோரன்ஸா?

விண்டோஸ் 11க்கு 2025 அக்டோபர் 28 அன்று கேபி 5067036 என்ற விருப்ப அப்டேட் வந்தது. அதைப் போட்ட சில கணினிகளில், ஓடுபவற்றைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரை மூலையிலுள்ள எக்ஸ் பொத்தானால் மூடினால் விண்டோ மட்டும் மறைந்தது, புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) சாகவில்லை. மறுபடி திறந்தால் பழையது அப்படியே இருக்க, புதிதாக இன்னொன்று முளைத்தது. ஒன்றிரண்டு பிரதிகள் ஓடினால் யாருக்கும் தெரியாது. நாள் முழுக்கத் திறந்து மூடுபவர் கணினியில் அவை சேர்ந்துகொண்டே போய் ராமையும் சிபியூவையும் கொறித்து வேகத்தைக் குறைத்தன. நவம்பர் 11 அன்று வந்த கேபி 5068861 இதைச் சரிசெய்தது. இரட்டைப் புராசஸைப் பிடிக்க எல்லோரும் முதலில் கைவைக்கும் கருவியே இரட்டிப்பானது, வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஒரே கருவியை நம்பி உட்காராமல் மாற்றுகளையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

கருவிகளுக்குப் போகும் முன் ஒரு களையெடுப்பு. ஒரே பெயர் பத்து வரிகளில் தெரிவதாலேயே அது கோளாறு ஆகிவிடாது. சர்வீஸ்களை (பின்னணியில் திரையில்லாமல் ஓடும் புரோகிராம்கள்) தாங்கி ஓட்டும் எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயர் ஐம்பது, அறுபது தடவை இருப்பது இன்று இயல்பு. விண்டோஸ் 10இன் 1703 பதிப்பிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்கள் தனித்தனி எஸ்விசிஹோஸ்டில் ஓடுகின்றன. ஒரு சர்வீஸ் கவிழ்ந்தால் மற்றவையும் சேர்ந்து விழக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. விண்டோஸின் அடிப்படைப் புராசஸான சிஎஸ்ஆர்எஸ்எஸ் இரண்டு இருக்கும், சிஸ்டத்தின் செஷனுக்கு ஒன்று, உங்கள் செஷனுக்கு (சைன் இன் முதல் சைன் அவுட் வரை) ஒன்று. ஸ்டோர் ஆப்களின் அனுமதிகளைக் கவனிக்கும் ரன்டைம் புரோக்கர், கமாண்ட் விண்டோக்களுக்கான கான்ஹோஸ்ட் இரண்டும் திறந்திருக்கும் ஆப்களைப் பொறுத்துக் கூடும், குறையும். சைன் இன்னைச் சரிபார்க்கும் எல்சாஸ் மட்டும் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும், அதுவும் விண்டோஸ் ஃபோல்டருக்குள் உள்ள சிஸ்டம்32 ஃபோல்டரிலிருந்து. அதே பெயரில் இரண்டாவது தெரிந்தால் வேகத்தை மறந்துவிட்டு வைரஸ் ஸ்கேனைத் தொடங்குங்கள்.

டாஸ்க் மேனேஜர்: கைவசம் இருப்பது, பாதிக்கு மேல் மறைந்திருப்பது

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். முதலில் வரும் புராசஸ் பக்கத்தை வைத்து முடிவெடுப்பதுதான் பலர் செய்யும் தவறு. அங்கே ஆப் வாரியாகத் தொகுத்துக் காட்டுவதால் உள்ளே எத்தனை பிரதிகள், எது எதற்காக ஓடுகிறது என்பது புலப்படாது. டீடெய்ல்ஸ் பக்கத்துக்குப் போய், தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து, செலக்ட் காலம்ஸில் மூன்றை டிக் செய்யுங்கள்: கமாண்ட் லைன் (எந்த உத்தரவால் தொடங்கியது), செஷன் ஐடி, சிபியூ டைம் (இதுவரை எடுத்துக்கொண்ட சிபியூ நேரம்). பிறகு பெயர் வாரியாக வரிசைப்படுத்துங்கள்.

இனி படிப்பது சுலபம். குரோமை எடுத்துக்கொள்வோம். இருபது வரிகள் இருந்தால், அவற்றின் கமாண்ட் லைனில் டைப் என்ற சொல்லை அடுத்து ரெண்டரர், ஜிபியூ புராசஸ், யூட்டிலிட்டி என்று ஏதாவது ஒன்று இருக்கும். இவை ஒரே குரோமின் கைகால்கள். டைப் என்ற சொல்லே இல்லாத வரிதான் தாய்ப் புராசஸ். அப்படிப்பட்ட வரிகள் இரண்டு இருந்தால்தான் இரண்டு குரோம் ஓடுகிறது என்று பொருள். ரெண்டரர் ஒவ்வொன்றும் எந்தத் தாவலுக்கு, எந்த எக்ஸ்டென்ஷனுக்கு என்பதை விண்டோஸ் சொல்லாது. குரோமுக்குள் ஷிஃப்டும் எஸ்கேப்பும் அழுத்தினால் வரும் அதன் சொந்த டாஸ்க் மேனேஜர் சொல்லும்.

எட்ஜ் வெப்வியூ2 இன்னொரு குழப்பம். எட்ஜைத் திறந்ததே இல்லை, ஆனாலும் ஏழெட்டு ஓடுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அவை எட்ஜுக்காக ஓடுபவை அல்ல. டீம்ஸ், புதிய அவுட்லுக், விட்ஜெட்ஸ் போன்றவை தங்கள் திரையை வரைய அதைக் கூப்பிடுகின்றன. யார் கூப்பிட்டது என்பது கமாண்ட் லைனில் வெப்வியூ எக்ஸ்இ நேம் என்ற இடத்தில் எழுதியிருக்கும். அந்த ஆப்பை நிறுத்தாமல் வெப்வியூவை மட்டும் கொன்றால், பெரும்பாலும் அடுத்த நொடியே திரும்பி வரும்.

செஷன் ஐடி எதற்கு? வீட்டுக் கணினியில் ஒருவர் சைன் அவுட் செய்யாமல் ஸ்விட்ச் யூசர் கொடுத்துவிட்டுப் போயிருந்தால், அவருடைய ஸ்டார்ட்அப் ஆப்கள் முழுதும் இரண்டாவது செட்டாக ஓடிக்கொண்டிருக்கும். 8 ஜிபி ராம் உள்ள கணினி திணற இது ஒன்றே போதும். செஷன் எண் இரண்டு விதமாக இருந்தால் யூசர்ஸ் பக்கத்துக்குப் போய் மற்றவரைச் சைன் ஆஃப் செய்யுங்கள். அவர் சேமிக்காமல் விட்ட வேலை போய்விடும், கேட்டுவிட்டுச் செய்வது உத்தமம்.

டாஸ்க் மேனேஜரின் பலவீனம், யார் யாரைப் பெற்றார் என்ற வம்சாவளி அதில் கிடையாது.

புராசஸ் எக்ஸ்ப்ளோரர்: கொன்றது திரும்பி வரும்போது

விண்டோஸின் உள்ளே நடப்பதைக் காட்டும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகள் மார்க் ருஸினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல் இருவரும் 1996இல் தொடங்கியவை, 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது. புராசஸ் எக்ஸ்ப்ளோரர் அதில் ஒன்று. இலவசம், இன்ஸ்டால் தேவையில்லை, ஆனால் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்காவிட்டால் பாதி விவரம் வெறுமையாக இருக்கும்.

இடப்பக்கம் மரம் போல விரியும் பட்டியல்தான் இதன் உயிர். ஏதாவது ஒரு வரியை இரட்டை கிளிக் செய்து இமேஜ் பக்கத்தைப் பாருங்கள். பேரன்ட் என்ற இடத்தில் நான் எக்ஸிஸ்டன்ட் புராசஸ் என்று வந்தால், அதைத் தொடங்கிவிட்ட புரோகிராம் ஏற்கெனவே செத்துவிட்டது. அப்டேட்டர்கள், லாஞ்சர்கள் வேலையைத் தொடங்கிவிட்டு விலகிக்கொள்வது வழக்கம்தான், ஆகவே அனாதையாக இருப்பது மட்டும் குற்றமாகாது. ஒரே பெயரில் நான்கு அனாதைகள், நான்கும் வெவ்வேறு நேரத்தில் தொடங்கியவை என்றால் அங்கே கை வையுங்கள். அதே பக்கத்திலுள்ள ஆட்டோஸ்டார்ட் லொகேஷன் என்ற வரி, இது ரெஜிஸ்ட்ரியின் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் இடம்) எந்தக் கீயிலிருந்து, எந்த ஷெட்யூல்டு டாஸ்க்கிலிருந்து (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலை) பிறக்கிறது என்று காட்டும். டாஸ்க் மேனேஜரில் அரைமணி நேரம் தேடினாலும் கிடைக்காத தகவல் அது.

புதிதாகப் பிறப்பது பச்சையாகவும், சாவது சிவப்பாகவும் ஒரு விநாடி மின்னும். ஒன்றை நிறுத்தியதும் பச்சையாக இன்னொன்று வந்தால், அது மரத்தில் யாருக்குக் கீழே வருகிறது என்று பாருங்கள். கண்ணுக்குச் சிக்காத வேகம் என்றால் ஆப்ஷன்ஸ் மெனுவில் டிஃபரன்ஸ் ஹைலைட் டியூரேஷனை உயர்த்தலாம், ஸ்பேஸ் பாரை அழுத்திக் காட்சியை நிறுத்தி வைக்கலாம்.

மரம் பொய் சொல்லும் இடமும் உண்டு. பில்லிங் மென்பொருளோ, யாரோ எழுதிய ஸ்கிரிப்ட்டோ பின்னணியில் எக்செலைத் திறந்து ரிப்போர்ட் போட்டுவிட்டு ஒழுங்காக மூடாமல் போகும். சாயங்காலத்துக்குள் விண்டோவே இல்லாத எக்செல் புராசஸ்கள் வரிசையாகச் சேர்ந்திருக்கும். இவற்றின் பேரன்ட்டாக மரம் காட்டுவது ஒரு எஸ்விசிஹோஸ்டை. காரணம், வெளியிலிருந்து கூப்பிடப்படும் எக்செலைத் தொடங்கித் தருவது விண்டோஸின் சர்வீஸ்தான். இங்கே துப்புக் கொடுப்பது கமாண்ட் லைன்: ஆட்டோமேஷன், எம்பெடிங் என்ற இரு சொற்கள் அதில் இருந்தால் அதை மனிதர் யாரும் திறக்கவில்லை. அதை நிறுத்தலாம். நிரந்தரத் தீர்வு அந்த ஸ்கிரிப்ட்டை எழுதியவரிடம்தான் இருக்கிறது: வேலை முடிந்ததும் குவிட் கொடுத்து, பிடித்து வைத்த ஆப்ஜெக்ட்களை விடுவிக்க வேண்டும்.

ஆட்டோரன்ஸும் கிளீன் பூட்டும்

ஓடுவதை நிறுத்துவதற்கு மேற்சொன்ன இரண்டும் போதும். நாளைக் காலையும் அதே இரட்டை வராமல் தடுக்க, பிறக்கும் இடத்தை அடைக்க வேண்டும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கம் ரெஜிஸ்ட்ரியின் ரன் கீகள், ஸ்டார்ட்அப் ஃபோல்டர், ஸ்டோர் ஆப்கள் ஆகியவற்றை மட்டும் காட்டும். ஷெட்யூல்டு டாஸ்க்குகளும் சர்வீஸ்களும் அதில் வரா. ஒரு ஆப் எல்லாப் பயனர்களுக்குமான ரன் கீயில் ஒருமுறை, உங்களுக்கான ரன் கீயில் ஒருமுறை, டாஸ்க் ஷெட்யூலரில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். ஒரு பதிப்பின் மேல் இன்னொன்றை இன்ஸ்டால் செய்யும்போது பழைய வரி அழியாமல் தங்கிவிடுவதும் நடக்கும்.

இந்த மூன்றையும் ஒரே பட்டியலில் காட்டுவது ஆட்டோரன்ஸ். இதுவும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிதான். ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மேலே தேடல் பெட்டியில் ஆப்பின் பெயரைத் தட்டுங்கள். மஞ்சள் வரிகள் ஃபைலே இல்லாத வெற்று வரிகள். டிக்கை எடுத்தால் முடங்கும், மறுபடி போட்டால் உயிர்பெறும். டெலிட் கொடுத்தால் திரும்பாது, அதனால் முதல் வாரம் டிக்கை மட்டும் எடுத்துவிட்டுப் பொறுத்திருங்கள்.

ஷெட்யூல்டு டாஸ்க்தான் மூலம் என்று தெரிந்தால் அதை முடக்கியே ஆக வேண்டும் என்பதில்லை. டாஸ்க் ஷெட்யூலரில் அதன் செட்டிங்ஸ் பக்கத்தின் அடியில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்ற தேர்வு இருக்கிறது. அங்கே ரன் எ நியூ இன்ஸ்டன்ஸ் இன் பேரலல் என்று யாராவது வைத்திருந்தால், மணிக்கொருமுறை ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் சிக்கிக்கொண்ட நாளில் மணிக்கொரு பிரதி சேரும். டூ நாட் ஸ்டார்ட் எ நியூ இன்ஸ்டன்ஸ் என்று மாற்றினால் தீர்ந்தது.

சைன் இன் ஆப்ஷன்ஸில் உள்ள ரீஸ்டார்ட் ஆப்ஸ் அமைப்பையும் ஒரு கண் பாருங்கள். முந்தைய செஷனில் திறந்திருந்த ஆப்களை விண்டோஸ் தானே திறக்கும், அதே ஆப் ஸ்டார்ட்அப்பிலும் இருந்தால் சில ஆப்கள் இரண்டு தடவை எழும்.

கிளீன் பூட், அதாவது மைக்ரோசாஃப்ட் அல்லாத சர்வீஸ்களை முடக்கிவிட்டுக் கணினியைத் தொடங்குவது, ஆட்டோரன்ஸுக்கு நேர் எதிரான வழி. எம்எஸ்கான்ஃபிக் என்ற விண்டோஸ் கருவியில் சர்வீசஸ் பக்கம் போய், முதலில் ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸை டிக் செய்து, பிறகே டிஸேபிள் ஆல். வரிசை மாறினால் நெட்வொர்க் உட்பட எல்லாம் படுத்துவிடும். ரீஸ்டார்ட் செய்து வேகம் திரும்பினால், பாதிச் சர்வீஸ்களை இயக்கி மீண்டும் பாருங்கள், பிறகு அதில் பாதி. முப்பது சர்வீஸ் இருந்தால் ஐந்து ரீஸ்டார்ட்டில் ஆள் சிக்கிவிடும். பொறுமை தேவைப்படும் வழி இது. இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒன்றின் ஃபைலை மற்றொன்று சோதித்து டிஸ்க்கை 100 சதவீதத்தில் வைத்திருப்பது போன்ற சண்டைகளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம். பெயர் தெரிந்த ஒரு புராசஸுக்காக இதில் இறங்குவது நேர விரயம்.

ராம் பூஸ்டர் வகையறாவைப் போட்டியில் சேர்க்கவே இல்லை. அவை புராசஸ்களின் நினைவகப் பக்கங்களை வலுக்கட்டாயமாக வெளியேற்றி மீட்டரைக் குறைத்துக் காட்டும். அடுத்த கிளிக்கில் அதே பக்கங்களை மறுபடி உள்ளே இழுக்க வேண்டியிருப்பதால் கணினி முன்னைவிட மந்தமாகும். தானும் ஸ்டார்ட்அப்பில் ஏறிக்கொள்ளும், கேட்க வேண்டுமா!

எப்படி நிறுத்துவது

என்ட் டாஸ்க் ஒரு புராசஸை மட்டும் முடிக்கும், பிள்ளைகள் அனாதையாகத் தொடரக்கூடும். டீடெய்ல்ஸ் பக்கத்தில் ரைட் கிளிக்கில் வரும் என்ட் புராசஸ் ட்ரீ குடும்பத்தோடு முடிக்கும். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் மீது இதைப் பயன்படுத்தாதீர்கள், நீங்கள் டெஸ்க்டாப்பிலிருந்து திறந்தவை பலவும் அதன் பிள்ளைகள்தான். புராசஸ் எக்ஸ்ப்ளோரரில் இதற்குச் சமம் ஷிஃப்டும் டெலிட்டும்.

சிக்கிக்கொண்டது சர்வீஸோ டிரைவரோ என்றால் ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது பயன் தராது. விண்டோஸ் 8இலிருந்து உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், ஷட் டவுனின்போது உங்கள் செஷனை மூடினாலும் கெர்னலின் (விண்டோஸின் மையக்கரு) நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து அடுத்த தடவை அதையே திரும்ப ஏற்றுகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். அதன் பிறகும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட்அப் அலை அடங்கவிட்டு, டீடெய்ல்ஸ் பக்கத்தைச் சிபியூ டைம் வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள்.